எழுந்திருக்காமல் எத்தனை

ஜூன் 3

அண்ணனுக்கு,

உறையைப் பார்த்ததுமே கையெழுத்து யாருடையது என்று கண்டுபிடித்திருப்பாய். தயவுசெய்து இதையும் பரணில் தூக்கிப் போட்டுவிடாதே. நாலு வருஷத்துக்கு முன் நான் அனுப்பிய பார்சல் இன்னும் பிரிக்காமல் அங்கேதான் கிடக்கிறது என்று அண்ணி சொன்னார். போனில் பேசலாம்தான். இரண்டாவது நிமிஷத்தில் நம்மில் யாராவது ஒருவர் கட் பண்ணிவிடுவோம். அதனால்தான் கடிதம்.

நீ மாடிப்படியில் பின்பக்கமாகத் திரும்பி இறங்குகிறாயாமே. அதுவும் அண்ணி சொன்னதுதான். அவரைத் திட்டாதே, நான்தான் கிண்டிக் கிண்டிக் கேட்டேன்.

நான் இப்போது மூலிகை பிளாஸ்திரி செய்யும் கம்பெனியில் இருக்கிறேன். முட்டிவலி, இடுப்புவலிக்கு ஒட்டிக்கொள்வார்களே, அதுதான். கற்பூரம், புதினா உப்பு, நொச்சி, இஞ்சிச் சாறு எல்லாம் பசையோடு சேர்த்துத் துணியில் பூசுவார்கள். அது ஒட்டுகிறதா, எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று பார்ப்பது என் வேலை. வலியைக் குறைக்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்காக முப்பது பேரிடம் கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள். உடம்பை வைத்து உழைக்கிற முட்டியாக ஒன்று வேண்டும் என்றார்கள். முப்பது வருஷமாகத் தரையில் முட்டி போட்டு டைல்ஸ் ஒட்டுகிற ஆளை எனக்குத் தெரியும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

இதோடு இரண்டு கட்டு இருக்கிறது. ஒன்றில் நீலப் புள்ளி, மற்றொன்றில் மஞ்சள் புள்ளி. ஒன்றில்தான் மருந்து உண்டு. மற்றது வெறும் பசை, வாசனைக்குக் கொஞ்சம் புதினா. அதைப் பூசியது நான்தான் என்றாலும் எது எது என்று எனக்கே தெரியாது. புள்ளி வைத்ததே எங்கள் மேற்பார்வை அம்மாதான், எது என்று சீட்டில் எழுதி ஒட்டிப் பெட்டியில் பூட்டிவைத்திருக்கிறார். ஒரு வாரம் நீலம், ஒரு வாரம் மஞ்சள், மறுபடி நீலம், மறுபடி மஞ்சள். காலையில் ஒட்டி எட்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். காயத்தின் மேல் ஒட்டாதே. அதன் மேல் எதையும் இறுக்கிக் கட்டாதே, சூடேறித் தோல் வெந்துவிடும். தினமும் வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று தாளில் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடு. பழைய விஷயம் எதையும் இதில் எழுதப் போவதில்லை.

தங்கை

ஜூன் 8

கேள்விப்பெட்டிக்கு,

பிரித்துவிட்டேன். உன் அண்ணி பக்கத்தில் நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள், வேறு வழியில்லை.

பழைய விஷயம் எழுதப் போவதில்லை என்று எழுதிவிட்டால் எழுதாத மாதிரி ஆகிவிடுமா? உன் வீட்டுத் தரையை நான்தான் போட்டேன். குடிபோன அன்று அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் என் ரசமட்டத்தையே எடுத்து, சமையலறை வாசலில் கடைசி வரிசையில் வைத்து, "பாருங்க, குமிழி நடுவுல நிக்கல" என்றாய். முட்டி ஒத்துழைக்கவில்லை என்றால் இந்த வேலையையே விட்டுவிடச் சொன்னாய். இருபது வருஷமாக ஊரே என்னை ரசமட்டம் என்றுதான் கூப்பிடுகிறது. அதை என் தங்கச்சியே கவிழ்த்தாள். அப்புறம் ஒரு பார்சல் வந்தது. பெட்டியின் மேலேயே முட்டியில் பேட் கட்டிய ஒரு ஆளின் படம். பிரிக்காமலே புரிந்துவிட்டது. நொண்டிக்குக் கட்டை அனுப்பியிருக்கிறாள் என்று பரணில் வீசினேன்.

சரி, விடு. உன் சோதனைக்கு வருகிறேன். உனக்காக இல்லை. எனக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டியிருக்கிறது.

ஒரு பள்ளிக்கூடத்தில் பெரிய ஹாலுக்குத் தரை போடக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓரடி டைல்ஸ், இரண்டாயிரம். இந்த மாசம் முப்பதாம் தேதிக்குள் முடியும், முடியாது என்று சொல்ல வேண்டும். இன்னொரு பக்கம் டைல்ஸ் கடைக்காரர் தன் கடையில் நாற்காலி போட்டு உட்காரச் சொல்கிறார். வருகிறவர்களுக்கு எந்தக் கலர் எடுக்கும் என்று சொல்ல வேண்டுமாம். அதில் உட்கார்ந்தால் அப்புறம் நான் எழுந்திருக்க மாட்டேன், எனக்குத் தெரியும். டாக்டர் தேய்மானம் என்று சொல்லிவிட்டார். மாத்திரை வயிற்றைப் புண்ணாக்குகிறது. இந்தப் பிளாஸ்திரி கேட்டால் ஹால். கேட்காவிட்டால் நாற்காலி.

ஆனால் உன் பத்துக்கு எத்தனை மார்க் எனக்குச் சரிப்படாது. காலையில் நாலு, சாயந்திரம் எட்டு, உன் அண்ணியோடு வாக்குவாதம் வந்தால் பதினொன்று. நான் வேறு கணக்கு வைத்துக்கொள்கிறேன். முட்டியை ஊன்றினால், எழுந்து காலை நீட்டாமல் ஒரே மூச்சில் எத்தனை டைல்ஸ் ஒட்டுகிறேன் என்பதுதான் கணக்கு. முன்பெல்லாம் முப்பது. நேற்று பிளாஸ்திரி எதுவும் போடாமல் எண்ணிப் பார்த்தேன். பதினொன்று.

திங்கட்கிழமை நீலத்தில் ஆரம்பிக்கிறேன்.

அண்ணன்

ஜூன் 12

அண்ணா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் பாதிக்கு இப்போது பதில் எழுதவில்லை. பதில் இல்லாமல் இல்லை.

ஆனால் எழுந்திருக்காமல் எத்தனை என்ற கணக்கு இருக்கிறதே, எப்படி யோசித்தாய்? மேற்பார்வை அம்மாவிடம் காட்டினேன். தாளில் டைல்ஸுக்குக் கட்டம் இல்லை என்றார். மற்ற இருபத்தொன்பது பேரும் மூன்று, நாலு, மூன்று என்று எழுதி அனுப்புகிறார்கள், அதை வைத்து என்ன தெரிந்துகொள்வது என்று கேட்டேன். ஓரத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

இப்போது எனக்குச் சந்தேகங்கள். எண்ணுகிற டைல்ஸ் எல்லாம் ஒரே அளவுதானே? ஒரே நேரத்தில் எண்ணுகிறாயா? வெட்டி ஒட்டுகிற ஓரத் துண்டுகளையும் சேர்க்கிறாயா? முட்டிக்குக் கீழே வழக்கமான மடித்த சாக்குதானா? வேலை முடிந்த பிறகு, படியிறங்கும்போது, படுக்கும்போது எப்படி இருக்கிறது? அதையும் தனியாக எழுது. அப்புறம், தரையில் எந்த முட்டியை ஊன்றுவாய்? இந்தக் கேள்வியை முன்பே ஒரு தடவை உன்னிடம் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.

ஒன்று மட்டும் மனசில் வைத்துக்கொள். தேய்ந்ததை எந்தப் பிளாஸ்திரியும் வளர்த்துத் தராது. வலியைக் கொஞ்ச நேரம் அடக்கினால் அதுவே பெரிது. முட்டி வீங்கினாலோ, மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு டாக்டரிடம் போ.

என் வேலையும் உன் வேலையும் ஒன்றுதான் தெரியுமா? நீ தரையில் ஒட்டுகிறாய். நான் இரும்புத் தகட்டில் பிளாஸ்திரியை ஒட்டி, நுனியில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, எப்போது விழும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கேள்விப்பெட்டி

ஜூன் 20

கேள்விப்பெட்டிக்கு,

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில் உன்னை மிஞ்ச ஆளில்லை. ஓரத் துண்டைச் சேர்க்கவில்லை. காலையில் தேநீருக்கு முன் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை எண்ணுகிறேன், எது அதிகமோ அதை எழுதுகிறேன். சாக்கு அதே சாக்குதான். எந்த முட்டி என்று எப்போது கேட்டாய்? எனக்கு ஞாபகமில்லை. நீ கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வைத்திருந்தால் நான் வாத்தியாராகப் போயிருப்பேன்.

நீல வாரம்: பன்னிரண்டு, பதின்மூன்று, பன்னிரண்டு, பதினாலு, பன்னிரண்டு, பதின்மூன்று. ஒட்டினால் அட்டை மாதிரி பிடித்துக்கொள்கிறது. முதலில் ஜில்லென்று இருந்து அப்புறம் கதகதவென்று வருகிறது. வேலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சாயந்திரம் பரவாயில்லை. வியாழக்கிழமை மாடியிலிருந்து முன்பக்கமாகவே இறங்கினேன். உன் அண்ணி, "என்ன, வழி மாறி வந்துட்டீங்களா?" என்றாள்.

இப்போது மஞ்சள் வாரம் நடக்கிறது. முதல் நாள் பதினொன்று. இது வெத்துவேட்டு என்று நினைத்துவிட்டேன். இரண்டாம் நாள் இருபது. நேற்று இருபத்தொன்று. இன்று இருபத்திரண்டு. இருபத்திரண்டு! எண்ணினதில் தப்போ என்று கலவை கலக்கிற கூட்டாளியை விட்டு மறுபடி எண்ணச் சொன்னேன். அவனும் அதையே சொன்னான்.

ஒட்டுவதில் மட்டும் மஞ்சளுக்குக் கொஞ்சம் சேட்டை. அதைச் சமாளித்துவிட்டேன். சாயந்திரத்தில் நீலம் அளவுக்குக் கதகதப்பு இல்லை. அதனால் என்ன? மருந்து மஞ்சளில்தான் இருக்கிறது, எழுதி வைத்துக்கொள். சீட்டைப் பிரிக்கவே வேண்டாம்.

அண்ணன்

ஜூன் 25

அண்ணா,

இருபத்திரண்டைப் படித்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். பக்கத்து மேஜைக்காரி யாருக்குக் கல்யாணம் என்று கேட்டாள்.

ஆனால் முதல் நாள் பதினொன்று, மறுநாள் இருபது, அது எப்படி? மருந்து உடம்பில் ஏற நாளாகும் என்றால் மெல்ல மெல்ல அல்லவா ஏற வேண்டும்? ஒரே நாளில் ஒன்பது டைல்ஸ் தாண்டுகிறதே. ஒட்டுவதில் சேட்டை என்றாயே, என்ன சேட்டை? உரிந்ததா? எப்படிச் சமாளித்தாய்? ஒட்டுவது என் துறை, அதனால் கேட்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

இன்னொன்று. சீட்டைப் பிரிக்கிறவரைக்கும் ஹாலுக்கு ஒத்துக்கொள்ளாதே. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நீதான் எனக்குச் சொல்வாய்.

கேள்விப்பெட்டி

ஜூலை 7

கேள்விப்பெட்டிக்கு,

நாலு வாரமும் முடிந்தது. தாளை இதோடு வைத்திருக்கிறேன்.

இரண்டாவது நீல வாரத்தில் பதின்மூன்றைத் தாண்டவில்லை. சாயந்திரம் மட்டும் சுகம், மறுக்க மாட்டேன். இரண்டாவது மஞ்சள் வாரம் இருபத்துநாலில் ஆரம்பித்து இருபத்தாறில் முடிந்தது. இருபத்தாறாவது டைல்ஸை வைத்துவிட்டு முட்டியைப் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது. இரண்டு பேருக்கும் நம்ப முடியவில்லை.

சமாளித்தது சமாளித்ததுதான். அதையெல்லாம் நோண்டாதே. உனக்கு வேண்டியது எண்ணிக்கை, கொடுத்துவிட்டேன்.

ஹாலுக்கு முப்பதாம் தேதியே சரி என்று சொல்லிவிட்டேன். ஜூலை 22 வேலை ஆரம்பம். பள்ளிக்கூட மேலாளர் கையைப் பிடித்துக் குலுக்கினார். டைல்ஸ் கடைக்காரரிடம் போய் உங்கள் நாற்காலியை வேறு யாருக்காவது போடுங்கள் என்று சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார், நல்லது என்று வந்துவிட்டேன்.

ஹாலுக்கு ஒரு மாசம் பிடிக்கும். மஞ்சள் பிளாஸ்திரி முப்பது அனுப்பிவை.

நாலு வருஷத்தில் உன்னால் நடந்த முதல் நல்ல காரியம் இது. எழுத வேண்டும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன்.

அண்ணன்

ஜூலை 12

அண்ணா,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இன்று சீட்டைப் பிரித்தார்கள். மருந்து இருந்தது நீலத்தில். மஞ்சள் வெறும் பசை. நானே என் கையால் பூசின வெறும் பசை.

முப்பது பேரில் முக்கால்வாசிப் பேருக்கு நீல வாரத்தில்தான் சாயந்திர வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. கொஞ்சம்தான், ஆனால் குறைந்திருக்கிறது. உன் தாளிலும் சாயந்திரக் குறிப்பு அதையேதான் சொல்கிறது. டைல்ஸ் எண்ணிக்கை மட்டும்தான் தலைகீழாக நிற்கிறது. உன்னுடைய தாளைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம், ஏதோ மனசின் வேலை என்கிறார் மேற்பார்வை அம்மா. நான் ஒத்துக்கொள்ளவில்லை. நீ மனசால் டைல்ஸ் ஒட்டுகிற ஆள் இல்லை. மனசின் வேலை என்றால் முதல் மஞ்சள் நாளில் ஏன் பதினொன்று?

எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. நீ நாற்காலியை வேண்டாம் என்று சொல்லிவிட்டாய், ஹாலுக்குக் கை கொடுத்துவிட்டாய், எல்லாம் ஒரு வெற்றுத் துணியை நம்பி. எதனால் கூடியது என்று தெரியாமல் இரண்டாயிரம் டைல்ஸுக்கு முட்டி போடாதே. பத்தாவது நாளில் அது காணாமல் போனால் என்ன செய்வாய்? மஞ்சள் வாரங்களில் வேறு என்ன செய்தாய்? எவ்வளவு சின்ன விஷயமாக இருந்தாலும் சொல்.

உன் முதல் கடிதத்துக்கான பதிலையும் இப்போதே எழுதிவிடுகிறேன். அந்தக் கடைசி வரிசையை நீ போடும்போது நான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்தாய், கை வழுக்கியது, மறுபடி பிடித்தாய். நெற்றியைச் சுவரில் சாய்த்து ரொம்ப நேரம் அப்படியே நின்றாய். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குப் பயம். அந்தப் பயத்தை உன்னிடம் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். நான் ரசமட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்து ஊருக்கே காட்டினேன். என் வாய் அப்படி. அது தப்பு.

தங்கை

ஜூலை 15

தங்கைக்கு,

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. சும்மா இருந்த முட்டிக்கு நீலம், மஞ்சள் என்று ஆசை காட்டி, ஹாலுக்கு வாக்குக் கொடுக்கவைத்து, இப்போது வெறும் பசை என்கிறாய்.

நான் வேறு ஒன்றும் செய்யவில்லை. 22 ஆம் தேதி ஹால் ஆரம்பம், அதில் மாற்றமில்லை. கொடுத்த வாக்கு கொடுத்ததுதான்.

எனக்கு அந்த வெறும் பசையே கேட்கிறது. அதையே அனுப்பு.

நீ கடைசியில் எழுதியிருப்பதைப் படித்தேன்.

அண்ணன்

ஜூலை 18

அண்ணா,

கேட்டபடி வெறும் பசைப் பிளாஸ்திரி பன்னிரண்டு வைத்திருக்கிறேன். மருந்தில்லாததை மருந்தென்று சொல்லாமல் அனுப்புகிறேன், அதனால் எனக்குப் பாவமில்லை.

உன் கடிதம் வந்ததும் மிச்சமிருந்த பழைய மஞ்சளில் நாலைந்தை எடுத்துத் தகட்டில் ஒட்டிப் பார்த்தேன். நாற்பது நிமிஷத்தில் விழுந்துவிட்டது. நீலம் ஆறு மணி நேரம் நின்றது. வெறும் பிளாஸ்திரிதானே என்று பசையைக் கம்மியாகப் பூசியிருக்கிறேன். ஒட்டுகிறதா என்று ஊராருக்கெல்லாம் பார்த்துச் சொல்கிறவள் தன் கையால் செய்ததைச் சோதிக்கவில்லை. மேற்பார்வை அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். நல்ல திட்டு. வாங்கிக்கொண்டேன்.

இரும்புத் தகட்டிலேயே நாற்பது நிமிஷம்தான் என்றால், வியர்வையும் சிமெண்ட் தூசியும் இருக்கிற உன் முட்டியில் அது எட்டு மணி நேரம் எப்படி நின்றது? நீ சொல்ல மாட்டாய். விடு, கேட்கவில்லை.

இதோடு வந்திருக்கிற பன்னிரண்டுக்கும் பசை சரியாகப் பூசியிருக்கிறேன். தகட்டில் ஏழு மணி நேரம் நின்றது. எதையும் சமாளிக்க வேண்டியிருக்காது. ஒட்டிக்கொண்டு எண்ணு. எனக்கு எழுதாவிட்டாலும் பரவாயில்லை, உனக்காக எண்ணு.

கேள்விப்பெட்டி

ஜூலை 28

கேள்விப்பெட்டிக்கு,

இன்று ஞாயிற்றுக்கிழமை. ஹாலில் வேலை இல்லை. உன் அண்ணி தேநீர் வைத்துவிட்டு, எழுதி முடிக்கிறவரை எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

திங்கட்கிழமை காலையில் உன் புதுப் பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு ஹாலுக்குப் போனேன். பள்ளிக்கூட ஹால், ஜன்னல் பதினாறு, எதிர்ச்சுவர் அவ்வளவு தூரத்தில் இருக்கிறது. பிளாஸ்திரி அருமையாக ஒட்டியது. முட்டியை ஊன்றினேன். எட்டு, ஒன்பது, பத்து. பதினொன்றாவதுக்கு மேல் முடியவில்லை. மதியம் பத்து. கூட்டாளி என்னைப் பார்த்துவிட்டுக் கலவை பக்கம் திரும்பிக்கொண்டான்.

சாயந்திரம் ஹாலில் போட்ட வரிசைக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தேன். அதே பசை, அதே முட்டி, அதே ஆள். இருபத்தாறு எங்கே போனது? நீ சொன்ன மாதிரியே ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன். உன் வியாதி எனக்கும் தொற்றிவிட்டது. அப்போதுதான் உறைத்தது.

சரி, சொல்கிறேன். மீசையில் மண் ஒட்டவில்லை என்று இத்தனை நாள் நடித்தது போதும். முதல் மஞ்சள் நாளில் அது காலை பத்து மணிக்கே உரிந்து சிமெண்டில் விழுந்துவிட்டது. அடுத்த நாளும் அப்படி ஆகக் கூடாது என்று, அதை அழுத்திப் பிடிக்க ஏதாவது வேண்டும் என்று தேடினேன். கயிறு கட்டினால் இறுக்குகிறது. பரண் ஞாபகம் வந்தது. உன் அண்ணி தூங்கின பிறகு திருடன் மாதிரி ஏறி, நீ அனுப்பின பெட்டியைக் கிழித்து, ஒரு பேடை மட்டும் எடுத்து, பிளாஸ்திரிக்கு மூடியாகக் கட்டிக்கொண்டேன். மூடி, அவ்வளவுதான். மனசார அப்படித்தான் நினைத்தேன். நீலம் தானாக ஒட்டிக்கொண்டதால் அந்த வாரங்களில் மூடி தேவைப்படவில்லை. நல்ல வேளை, அதன் மேல் கட்டியிருந்தால் நீ சொன்ன மாதிரி தோல் வெந்திருக்கும். மஞ்சள் வாரங்களில் மறுபடி மூடி. உன்னிடம் எப்படிச் சொல்வது? நொண்டிக் கட்டை என்று வீசினதை எடுத்துக் கட்டிக்கொண்டேன் என்றா?

செவ்வாய்க்கிழமை பிளாஸ்திரியே ஒட்டாமல் வெறும் பேடை மட்டும் கட்டினேன். இருபத்துமூன்று. புதன்கிழமை பேடை அவிழ்த்துவிட்டு உன் பிளாஸ்திரி மட்டும். பத்து. வியாழக்கிழமை மறுபடி பேட். இருபத்தைந்து. நாலாவது தடவையும் பார்க்கலாம் என்றேன், கூட்டாளி கையெடுத்துக் கும்பிட்டு, "அண்ணே, முட்டி நம்புதோ இல்லையோ, நான் நம்பிட்டேன்" என்றான்.

முப்பது வருஷமாக மடித்த சாக்கின் மேல் ஊன்றியிருக்கிறேன். நகரும்போதெல்லாம் சாக்கு பின்னால் தங்கிவிடும், முட்டி வெறுந்தரையில் இருக்கும். இது கூடவே வருகிறது.

நீலத்தையும் குறை சொல்ல மாட்டேன். உன் நீலக் கட்டில் மிஞ்சியதைக் கூட்டாளியின் இடுப்புக்குக் கொடுத்திருந்தேன், அதில் இரண்டைத் திருப்பி வாங்கி வந்தேன். பகலில் பேட், வேலை முடிந்து குளித்த பிறகு நீலம். படியில் முன்பக்கமாக இறங்குகிறேன், தூக்கம் கெடவில்லை. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவாயோ, எழுதிக்கொள். கணக்கிலிருந்து எடுப்பதானாலும் எடுக்கட்டும். ஆனால் ஓரத்திலாவது இருக்கட்டும். என்னை மாதிரி எத்தனை பேர் வெறும் பசையை மருந்தென்றும், மருந்தை மூடியென்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்களோ.

வியாழக்கிழமை சாயந்திரம் இன்னொன்று நடந்தது. ஒரு பேடுக்கே இப்படியென்றால் இரண்டு முட்டிக்கும் கட்டிப் பார்ப்போமே என்று பெட்டியிலிருந்த மற்றதையும் எடுத்தேன். அதன் உள்பக்கம் ஒரு துண்டுச் சீட்டு செருகியிருந்தது. உன் கையெழுத்து. நாலு வருஷத்துக்கு முந்தின தேதி. திட்டியிருப்பாய், இல்லையென்றால் புத்தி சொல்லியிருப்பாய் என்று நினைத்துப் பிரித்தேன். ஒரே ஒரு வரி.

"அண்ணா, நீ எந்த முட்டியை ஊன்றுவாய் என்று இத்தனை வருஷத்தில் பார்த்து வைக்கவில்லை, அதனால் இரண்டுக்கும் வாங்கிவிட்டேன், எது என்று எழுது, அடுத்த தடவை அதற்கு மட்டும் நல்லதாக வாங்குகிறேன்."

ஹால் வாசற்படியில் உட்கார்ந்து அதைப் படித்தேன். அழுதேன் என்று எழுதினால் உன் அண்ணி சிரிப்பாள். எழுதிவிட்டேன், சிரிக்கட்டும்.

நான் சுவரைப் பிடித்து நின்றதை நீ பார்த்தாய் என்று எனக்குத் தெரியாது. யாரும் பார்க்கவில்லை என்றுதான் நாலு வருஷமும் இருந்தேன். அந்தக் கடைசி வரிசை சாய்ந்துதான் இருக்கிறது. போடும்போதே தெரியும். மறுபடி முட்டி போட்டு அதை எடுக்க அன்றைக்கு என்னால் முடியவில்லை. நீ சொன்னது பொய்யாக இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

ஹால் ஆகஸ்ட் கடைசியில் முடியும். முடிந்த மறுவாரம் உன் வீட்டுக்கு வருகிறேன். அந்த வரிசையில் மூன்று டைல்ஸை எடுத்துப் போட வேண்டும், ஒரு காலைப் பொழுது வேலைதான். மாப்பிள்ளையிடம் சொல்லி வை. ரசமட்டம் என்னுடையதைக் கொண்டுவருகிறேன். இந்தத் தடவையும் நீயே வைத்துப் பார். யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டுக் காட்டு.

நாலு வருஷத்துக்கு முன் நீ கேட்ட கேள்விக்குப் பதில்: இடது.

அண்ணன்